வயரை எங்கே கழற்றலாம், எங்கே விட்டுவைக்கலாம்?

ரீச்சர், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை உவர்மலையில் மாடி வீடு. கீழே முன் விறாந்தையில், இணையத்தை வாங்கி வீட்டுக்குள் பரப்பும் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. மேலே பின்னறையில் மகள் உயர்தர மாணவர்களுக்கு ஜூம் வழியாக வகுப்பு எடுக்கிறார்; நடுநடுவே குரல் உடைகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனோ, "எதற்கு இந்த வயர்க் குவியல்? எல்லாவற்றையும் வயர்லெஸ் ஆக்கிவிடுங்கள்" என்கிறார். கம்பியில்லாத் தொழில்நுட்பம் அன்றாட வேலையை உண்மையிலேயே இலகுவாக்குகிறதா, அல்லது புதுச் சாமான் விற்பவர்களின் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். கதிர்வீச்சைப் பற்றிய பயத்தையும் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

இலகுவாக்குகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வசதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் எந்த வயரைக் கழற்றுவது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

வானொலி அலை நம் ஊருக்குப் புதிதன்று. பிரித்தானியக் கடற்படை 1957 இல் இங்குள்ள தளத்தைக் கையளிக்கும் வரை, கடலில் நின்ற கப்பல்களோடு கம்பியில்லாமல்தான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு 1984 இல் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலையில் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கியது. 2013 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அங்குள்ள சிற்றலை ஒலிபரப்பிகளின் வலு ஒவ்வொன்றும் 250 கிலோவாட். ஆசியா முழுவதும் கேட்கவேண்டும் என்றால் அவ்வளவு வலு தேவைதான். உங்கள் விறாந்தை ரவுட்டரின் வலு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 0.1 வாட். இரண்டுக்கும் இடையே இருபத்தைந்து இலட்சம் மடங்கு வித்தியாசம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வானொலி என்றால் வலு, உயரம், தூரம் என்ற மூன்றும்தான் பேச்சு. அன்றாட வாழ்க்கைக்குள் அது நுழைந்ததோ அந்த மூன்றையும் விட்டுக்கொடுத்த பிறகுதான். ஓர் அலைவரிசையில் 250 கிலோவாட் நிலையம் பேசினால், பல நாடுகளில் அந்த அலைவரிசையை வேறொருவர் பயன்படுத்த முடியாது. 0.1 வாட் ரவுட்டர் பேசினால் அது உங்கள் சமையலறை தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. ஆகவே நான்கு வீடு தள்ளி இருப்பவர் அதே அலைவரிசையைத் தன் வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே அலைவரிசையை இலட்சக்கணக்கான வீடுகள் பங்குபோட முடிவது இந்தப் பலவீனத்தினால்தான். வைஃபை, புளூடூத், கைத்தொலைபேசி எல்லாம் இதே கொள்கையில் நிற்பவை. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் ஊருக்கு ஊர், சந்திக்குச் சந்தி முளைப்பதற்கும் காரணம் இதுதான்: வலுவான ஒன்றைவிட வலு குறைந்த பல.

இந்த அலைகள் எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மகன் வாட்ஸ்அப்பில் பேசும்போது அவருடைய குரல் உங்கள் கையில் இருக்கும் தொலைபேசிக்குக் காற்றில் வருவது கடைசிக் கட்டத்தில், கோபுரத்திலிருந்து வீட்டுக்கும் பிறகு வீட்டுக்குள்ளும் மட்டும். அதற்கு முன் அது கடலடிக் கேபிளிலும் நிலத்தடிக் கண்ணாடி இழையிலும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வந்திருக்கிறது. கம்பியில்லா உலகம் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அதன் மிகப்பெரும் பகுதி கம்பிதான். கழன்றது நுனி மட்டும். மனிதன் நடமாடுவது அந்த நுனியில் என்பதால்தான் வசதி இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆக நான் பின்பற்றும் விதி ஒன்றே: நடமாடும் பொருளுக்கு வயர் வேண்டாம், நகராத பொருளுக்கு வயரை விடாதீர்கள், காற்றில் போகும் தூரத்தை முடிந்தவரை சுருக்குங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வைஃபைக்கான முதல் தரநிலை 1997 இல் வந்தது. வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999 இல் அது 11 ஆகியது, 2003 இல் 54. 2009 க்குப் பிறகு வந்தவை நூற்றுக்கணக்கில் பேசுகின்றன. வேகம் கூடியதே ஒழிய, அலையின் குணம் மாறவில்லை. உங்கள் ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதின் அலைநீளம் சுமார் 12 சென்ரிமீற்றர், இரண்டாவதினது சுமார் 6. முதலாவது சுவரை ஓரளவு ஊடுருவும், தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. இரண்டாவது வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் இரண்டு சுவர் கடந்தால் சோர்ந்துவிடும். இரும்புக் கம்பி பின்னிய கொங்கிரீட் பிளேட், அதாவது மாடித்தளம், இரண்டுக்குமே எதிரி. உங்கள் வீட்டில் ரவுட்டர் கீழே முன்பக்கம், மகள் மேலே பின்பக்கம். நடுவில் பிளேட்டும் இரண்டு சுவர்களும். வகுப்பு நடுவில் குரல் உடைவதற்கு இணைய நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை. சமிக்ஞை வீட்டுக்குள் வந்த பிறகு வழியில் செத்துப்போகிறது.

ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால், அல்லது கண்ணாடி அலுமாரிக்குள், அலங்காரச் சாமான்களோடு ஒளிந்திருக்கும். உலோகம், நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, தண்ணீர் இந்த மூன்றும் அலையைத் தடுக்கும். மீன் தொட்டிக்கு அருகில் ரவுட்டரை வைத்திருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த அறையில் இருந்தவருக்குத்தான் இணையம் இல்லை. திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், வீட்டின் நடுவுக்கு அருகில் வையுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப்பெரிய முன்னேற்றம் இதுதான்.

நெரிசலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் "நேற்று நன்றாக இருந்தது, இன்று மாலை மட்டும் மெதுவாக இருக்கிறது" என்ற முறைப்பாட்டின் வேர் பல வேளை அங்கேதான். 1971 இல் ஹவாய்த் தீவுகளில் நோர்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு அலோஹாநெட் என்ற வலையமைப்பை இயக்கத் தொடங்கியது. தீவுக்குத் தீவு கம்பி இழுப்பது கடினம் என்பதால் கணினிகளை வானொலியால் இணைத்தார்கள். எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில், நினைத்த நேரத்தில் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சிறிய நேரம் காத்திருந்து திரும்பப் பேசவேண்டும். கணக்குப் பார்த்தால் அந்த முறையில் அலைவரிசையின் 18 வீதத்தை மட்டுமே உருப்படியாகப் பயன்படுத்த முடியும். அதன் வாரிசான வைஃபை கொஞ்சம் மரியாதை கற்றுக்கொண்டது: பேசுமுன் கேட்கிறது, வேறொருவர் பேசினால் நிறுத்திக்கொள்கிறது. ஆனாலும் ஓர் அலைத்தடத்தில், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த ஒரு பாதையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்ற நிலை அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்களுடையதும் ஒரே தடத்தில் இருந்தால் அவர்கள் படம் பார்க்கும்போது உங்கள் மகளின் வகுப்பு காத்திருக்கவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். கைத்தொலைபேசியில் வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்து, அயலவர்கள் குறைவாக இருக்கும் தடத்துக்கு ரவுட்டரை மாற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாகும் நேரத்தில் மட்டும் இணையம் இழுபட்டால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

மாடிக்கு என்ன செய்வது? கடையில் முதலில் காட்டுவது சுவரில் செருகும் ரிப்பீட்டர். விலை குறைவு, வயர் இல்லை, ஆகவே ஆசை வரும். ஆனால் அது ரவுட்டர் சொன்னதைக் கேட்டு, அதே தடத்தில் திரும்பச் சொல்கிறது. ஒரே செய்தி காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். என் ஆலோசனை வேறு: கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரே ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பொயின்ட் நிலையில், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும், வையுங்கள். பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தாலும் போதும். மகளின் மேசைக் கணினிக்கு அந்தக் கேபிளிலிருந்தே நேரடி இணைப்புக் கொடுங்கள். அவருடைய கைத்தொலைபேசி, மாணவர் பயிற்சிகளைத் திருத்தும் டெப்லட் இரண்டும் வைஃபையில் போகட்டும். கீழே தொலைக்காட்சி ரவுட்டருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அதற்கும் வயரே. நகராத பொருட்கள் காற்றை விட்டு விலகினால், நடமாடும் பொருட்களுக்குக் காற்று காலியாகக் கிடைக்கும்.

மகன் இதை வாசித்தால், பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுவதும் ஒரே வைஃபையைப் பரப்பும் மேஷ் என்று ஒன்று இருக்கிறதே என்பார். நல்ல பொருள்தான், ஆனால் மேஷ் பெட்டிகளும் தமக்குள் கேபிளால் இணைக்கப்படும்போதுதான் முழுப் பலனைத் தரும்.

மேசையில் இருக்கும் சிறு பொருட்களில் வயரைக் கழற்றுவதற்கு நான் முழு ஆதரவு. விசைப்பலகை, மவுஸ், ஹெட்போன், பிரிண்டர். இவற்றில் பல பயன்படுத்தும் புளூடூத் என்பது எரிக்சன் நிறுவனத்தில் 1994 இல் தொடங்கிய வேலை. வைஃபை இருக்கும் அதே நெரிசல் தெருவில்தான் இதுவும் போகிறது, ஆனால் 79 சிறு தடங்களில் வினாடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. ஒரு தடத்தில் மோதினாலும் அடுத்ததில் தப்பிவிடும். அதன் வலு இன்னும் குறைவு, பெரும்பாலான கருவிகளில் 0.0025 வாட் அளவு, எட்டும் தூரம் பத்து மீற்றர். அந்தக் குறைந்த வலுவினால்தான் காதில் செருகும் சிறு கருவி மணிக்கணக்கில் ஓடுகிறது.

வயரில்லா மவுஸ் திடீர் திடீரென்று தடுமாறுகிறது என்று பலர் சொல்வார்கள். பற்றரியை மாற்றுவார்கள், பிறகு மவுஸையே மாற்றுவார்கள். கணினியின் பின்புறம் நீல நிற யூஎஸ்பி 3 துளைகளைப் பாருங்கள். அவற்றில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸையும் தொடுகிறது; இன்டெல் நிறுவனமே 2012 இல் இதை ஆவணமாக வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் மவுஸின் சிறு ஏற்பியும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் இருந்தால் தடுமாற்றம் வரும். ஏற்பியைப் பழைய யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சிறு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். வயரில்லா மவுஸுக்கு வயர் வாங்கச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.

மகளுக்கு ஒரு குறிப்பு: புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் தெளிவாக இருக்கும், ஆனால் அதன் மைக்கை இயக்கியவுடன் பல கருவிகளில் ஒலித்தரம் சட்டென்று தாழ்ந்துவிடும். இரண்டு திசையிலும் குரலை அனுப்ப அந்தச் சிறு வழியில் இடம் போதாது. நாள் முழுவதும் பாடம் சொல்பவர் வயர் உள்ள மைக் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, காதுக்கு மட்டும் புளூடூத்தைப் பயன்படுத்தலாம். மாணவர்களுக்குக் கேட்பது அவருடைய குரல்தானே.

பிரிண்டர் வைஃபையில் இருப்பது உண்மையான சுகம். கைத்தொலைபேசிக்கு வந்த வினாத்தாளைக் கணினியைத் திறக்காமலே அச்சடிக்கலாம். பிரிண்டர் வலையமைப்பைக் காணவில்லை என்று அடம்பிடித்தால், அது 2.4 மட்டும் தெரிந்த பிரிண்டராக இருக்கும். ரவுட்டரில் அந்த அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள். பெரிய வீடியோக்களைக் கருவிக்குக் கருவி மாற்றுவதற்குப் புளூடூத்தை நம்பவேண்டாம். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கிகாபைட் வீடியோ போய்ச்சேர ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். வைஃபையால் நேரடியாக அனுப்பும் பகிர்வு வசதி எல்லாப் புதிய தொலைபேசிகளிலும் இருக்கிறது, அதில் ஒரு நிமிடம்கூட ஆகாமல் முடியலாம். வயரில்லாமல் சார்ஜ் செய்யும் தட்டு மீது மட்டும் எனக்குப் பெரிய மதிப்பில்லை. தொலைபேசியைத் தட்டின் மேல் வைத்தபடி கையில் எடுத்துப் பேச முடியாது, மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இது நடமாட்டத்தைக் கூட்டாமல் குறைக்கும் வயர்லெஸ்.

வீட்டுக்கு வெளியே கதை வேறு. இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் தொடங்கியது. தெற்காசியாவில் அதுவே முதல். 1995 இல் ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் சேவை, 2006 இல் 3ஜி, 2013 அளவில் 4ஜி. ஆனால் இந்த வருடங்கள் கொழும்பின் வருடங்கள். வடக்குக் கிழக்கில் தொலைபேசிக் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுப்பதே போர்க்காலத்தில் பெரும்பாடாக இருந்தது. பிறகு சிறு அன்டெனாவை நீட்டிக்கொண்டு வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்த சிடிஎம்ஏ தொலைபேசிகள் உங்களுக்கு நினைவிருக்கும். கம்பி வராத வீட்டுக்கும் தொலைபேசி எண் வந்தது அவற்றால்தான். கம்பியில்லாமை பல ஊர்களில் ஆடம்பரமாகத் தெரிந்தது; இங்கே பலருக்கு அதுதான் முதல் தொலைபேசி.

நம் ஊரின் நில அமைப்பும் இதில் சேர்கிறது. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையிலிருந்து மூதூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டும். வீதியால் போவதென்றால் கிண்ணியாப் பாலம் கடந்து குடாவைச் சுற்றவேண்டும். அலைக்கு அந்தச் சுற்று இல்லை, நேரே தண்ணீரைக் கடக்கும். ஆனால் தண்ணீரும் குறும்பு செய்யும்: அலையில் ஒரு பகுதி கடலின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து, நேரே வந்த அலையோடு சேர்ந்து அதைச் சில வேளை பலவீனமாக்கிவிடும். குடாவைத் தாண்டி வயர்லெஸ் இணைப்புப் போடுபவர்கள் அன்டெனாவின் உயரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது அதனால்தான்.

கடலில் கைத்தொலைபேசி எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்காத மீன்பிடிக் குடும்பம் கிடையாது. பூமி வளைந்திருப்பதால் கோபுரமும் தொலைபேசியும் ஒன்றையொன்று 'பார்க்கும்' தூரத்துக்கு எல்லை இருக்கிறது. 50 மீற்றர் உயரக் கோபுரத்துக்கும், வள்ளத்தில் நிற்பவரின் கையில் இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கும் தொலைபேசிக்கும் அது சுமார் 35 கிலோமீற்றர். கோபுரம் மேட்டில் இருந்தால் இன்னும் கூடும். வேடிக்கை என்னவென்றால், பழைய ஜிஎஸ்எம் வலையமைப்பிலும் அலை போய் வரும் நேரக் கணக்கின் காரணமாக 35 கிலோமீற்றர்தான் வழக்கமான எல்லை. அதற்கு அப்பால் போகும் படகுக்குத் தொலைபேசியை நம்புவது ஆபத்து. கடல்சார் விஎச்எஃப் வானொலியும் அவசர அழைப்புக்கான அதன் 16 ஆம் தடமும் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் சமிக்ஞைக் கோடு முற்றாக மறைந்த பிறகும் தொலைபேசியில் இடம்காட்டி வேலை செய்யும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீற்றருக்கு மேலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன, தொலைபேசி கேட்பதோடு சரி. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். கைத்தொலைபேசியில் இருக்கும் வயர்லெஸ் வசதிகளில் மிகக் குறைவாகப் பாராட்டப்படுவது இதுதான் என்பேன்.

உங்கள் வீட்டுக்கு இணையம் 4ஜி ரவுட்டர் வழியாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதற்கு இரண்டு காற்றுப் பயணங்கள்: கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து உங்களுக்கு. முதலாவது நீண்டது, எளிதில் நொந்துபோவது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் கோபுரத்தின் சமிக்ஞை எவ்வளவு வலுவாக வருகிறது என்று காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற ஓர் எண் தெரியும், எப்போதும் கழித்தல் குறியோடு. மைனஸ் 80 என்றால் மிக நல்லது, மைனஸ் 100 அளவில் சமாளிக்கலாம், மைனஸ் 110 ஐத் தாண்டினால் வேதனை. ரவுட்டரை யன்னலுக்கு யன்னல் கொண்டுபோய் அந்த எண்ணைப் பாருங்கள். உவர்மலையில் மேட்டின் ஒரு பக்கத்து வீட்டுக்கு அருமையாகக் கிடைப்பது மறுபக்கத்து வீட்டுக்குக் கிடைக்காமல் போவதுண்டு. மேலே சொன்ன "வீட்டின் நடுவில் வையுங்கள்" என்ற அறிவுரையோடு இது முரண்படுவதையும் கவனித்திருப்பீர்கள். மாடி யன்னலில் நல்ல எண் கிடைத்தால் 4ஜி ரவுட்டரை அங்கேயே வைத்து, கேபிளைக் கீழ்நோக்கி இழுத்து, இரண்டாவது ரவுட்டரைக் கீழே வையுங்கள். கேபிள் ஒன்றேதான், திசைதான் மாறுகிறது.

வெளி அன்டெனா பொருத்தச் சொல்லி யாரும் வந்தால், இணைப்புமுனைகளைத் தண்ணீர் புகாத நாடாவால் சுற்றச் சொல்லுங்கள். உப்புக்காற்று நம் ஊரில் யன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை. மாலையில் மட்டும் வேகம் விழுந்தால் அது கோபுரத்தில் கூட்டம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறையும் மாதங்களில் இது நன்றாகத் தெரியும். அதற்கு உங்கள் பக்கத்தில் மருந்தில்லை.

மழை? வாடைக்காற்று மழை கொட்டும்போது டிஷ் தொலைக்காட்சி சிதறுவதைப் பார்த்து, இணையமும் மழையால்தான் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டிஷ் வாங்கும் அலை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது, மழைத்துளி அதை விழுங்கும். 4ஜியும் வைஃபையும் இருக்கும் கீழ் அலைவரிசைகளில் மழையின் பாதிப்பு மிகச் சிறிது. மழைநாளில் இணையம் போவதற்குப் பெரும்பாலும் மின்வெட்டுத்தான் காரணம். கோபுரத்தின் பற்றரி சில மணிநேரம் தாங்கும், பிறகு அதுவும் படுத்துவிடும்.

மின்வெட்டில்தான் கம்பியில்லாக் கருவிகளின் அருமை தெரிந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மடிக்கணினியில் பற்றரி இருக்கும், தொலைபேசியில் இருக்கும், ஆனால் ரவுட்டரில் இருக்காது. இந்தச் சிறு பெட்டி அணைந்ததும் வீடே துண்டாகிவிடும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் சில வாட் மட்டுமே குடிப்பதால், அதற்கென்றே விற்கும் யுபிஎஸ் என்ற சிறிய பற்றரிப் பெட்டி ஒன்று சில மணிநேரம் ஓட்டும். மகளுக்கு வகுப்புத்தான் வருமானம் என்றால், வேறெதையும் வாங்குமுன் இதை வாங்குங்கள். அதுவும் போனால் தொலைபேசியை ஹொட்ஸ்பொட் ஆக்கிக்கொள்ளலாம். முடிந்தால் அந்தத் தொலைபேசியில் வேறு நிறுவனத்தின் சிம் இருக்கட்டும், இரண்டும் ஒரே நேரத்தில் விழும் வாய்ப்புக் குறைவு.

செயற்கைக்கோள் இணையத்தைப் பற்றி மகன் கேட்டிருப்பார். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. பழைய செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நின்றன. குரல் ஏறி இறங்கிப் பதில் வர அரை வினாடி ஆகும், இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டிருப்பார்கள். ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீற்றரில் பறப்பதால் அந்தத் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இங்கேயும் கிட்ட வந்ததுதான் வெற்றி. கோபுரம் எட்டாத இடத்தில் இருப்பவருக்கு அது வரம். உவர்மலைக்கு வேண்டியதில்லை, கனமழையில் டிஷ்ஷைப் போலவே அதுவும் தடுமாறக்கூடும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. வயரைத் தொட வீட்டுக்குள் வரவேண்டும், அலையைத் தொட மதிலுக்கு வெளியே நின்றால் போதும். ரவுட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; டபிள்யூஇபி என்ற பழையது 2001 லேயே உடைந்தது. கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும், வீட்டுத் தொலைபேசி எண்ணாக இருக்கவேண்டாம். வந்து போகும் மாணவர்களுக்கு விருந்தினர் வலையமைப்பு என்ற தனி வழியைத் திறந்துவிடுங்கள். கடையில் அட்டையைத் தொடாமல் காட்டிப் பணம் செலுத்துவதற்கும் பலர் பயப்படுகிறார்களே, அது எட்டுவது நான்கு சென்ரிமீற்றர் அளவுதான். எட்டாததே அதன் காவல்.

கதிர்வீச்சு. எக்ஸ் கதிர் போல உடலின் அணுக்களைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல இந்த வானொலி அலைகள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் வானொலி அலைகளை 'ஒருவேளை புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. போதிய சான்றில்லாத பலவும் அந்தப் பிரிவில் இருக்கின்றன. தூரம் இரட்டித்தால் செறிவு காற்பங்காகும். கோபுரத்துக்கு அஞ்சி அதை ஊரைவிட்டு விரட்டச் சொல்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: கோபுரம் தொலைவில் இருந்தால் காதோடு ஒட்டியிருக்கும் தொலைபேசிதான் உரக்கக் கத்தவேண்டும், 0.2 வாட் வரை. கிட்ட இருந்தால் அது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கில் முணுமுணுத்தாலே போதும். பயம் தீரவில்லை என்றால் நீண்ட அழைப்புகளுக்கு ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசுங்கள்.

இனிக் கேபிள் வாங்கும் விடயம். கேட் 6 என்ற தரத்து நெட்வேர்க் கேபிள் என்று கேளுங்கள். உள்ளே இருப்பது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது மலிவு, நம் காற்றில் முனைகள் சீக்கிரம் கெட்டுவிடும். வெளிச்சுவரால் இழுப்பதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ளது வேண்டும். உங்கள் வீட்டுக்கு முப்பது மீற்றர் தாராளம். மின்சார வயர் போகும் அதே குழாய்க்குள் அதை நுழைக்க விடாதீர்கள், மேசன்மார் வேலை இலகு என்று அப்படித்தான் செய்யப் பார்ப்பார்கள். மாடிச் சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரித்துப் போடச் சொல்லுங்கள், ஒக்டோபர் மழை உள்ளே வராது. ஆர்எஸ்ஆர்பி எண்ணைக் கீழ் யன்னலிலும் மாடி யன்னலிலும் பார்த்து எனக்கு எழுதுங்கள் ரீச்சர், எந்த ரவுட்டர் எங்கே என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.